கேஸ் அடுப்பில் கேவுரு (கேழ்வரகு) களி: துடுப்பு, வளையம், கடைசல்

களி கிளறத் தோள்வலு வேண்டும் என்பார்கள். பாதி உண்மை. வலு கடைசி ஐந்து நிமிஷத்துக்குத்தான். அதற்கு முன்னால் வேண்டியதெல்லாம் நல்ல மாவு, அளவான கஞ்சி, மூடி போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பொறுமை. அம்மாவுக்குத் தோள்பட்டை இறுகிப் போய்க் கையைத் தூக்க முடியாமல் ஆனதிலிருந்து வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிற எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் களி நின்றுபோனது. நைனா வாய்விட்டுக் கேட்கவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே, "கடைசலுக்குச் சோறு எடுபடாதுபா" என்று மட்டும் ஒருநாள் சொன்னார். கடைசல் என்றால் கத்திரிக்காயை வேகவைத்து மத்தால் கடைந்தது, களிக்குத் தொட்டுக்கொள்ள. அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மாடி வீடு, கேஸ் அடுப்பு, சாப்பிட ஆறு பேர். எது எப்படிச் சரிப்பட்டது என்று எழுதி வைக்கிறேன்.

மாவிலிருந்து வருகிறேன், ஏனென்றால் பாதிக் களி அங்கேயே முடிவாகிவிடுகிறது. பாக்கெட்டில் வரும் கேவுரு மாவு அடைக்கும் கூழுக்கும் போதும். களிக்கு எனக்கு அது பிடிக்கவில்லை. நைஸாக அரைத்துச் சலித்த மாவு கஞ்சி பட்ட இடத்திலேயே பசையாகிறது. எப்போது அரைத்தது என்றும் தெரியாது. நாள்பட்ட மாவில் ஒரு காறல் வாடை தட்டும், கடைசலின் புளிப்பையும் மீறி அது நாக்கில் நிற்கும். அதனால் லாங்கு பஜாரில் முழு தானியமாகவே வாங்குகிறேன்.

தானியமாக வாங்கினால் கல் பார்க்க வேண்டும். களத்தில் அடித்தாலும் தார் ரோட்டில் போட்டு வண்டி ஏற்றி அடித்தாலும் பொடிக் கல் ஒட்டிக்கொண்டுதான் வரும், முறத்தில் புடைத்தால் தூசிதான் போகும், கல் போகாது. அரிக்க வேண்டும். அகலமான இரண்டு பாத்திரம், நிறையத் தண்ணீர். ஒரு பாத்திரத்தில் கேவுரைப் போட்டுத் தண்ணீரோடு லேசாக ஆட்டி, தானியம் மேலெழும்பும்போது அடுத்த பாத்திரத்துக்குச் சாய்க்க வேண்டும். கனமான கல் அடியிலேயே தங்கும். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி அடிப் பாத்திரத்தை வாங்கி விரலால் தடவிப் பார்த்து, "இன்னொரு வாட்டி அரி" என்பார். அவர் விரலுக்குத் தட்டுப்படுகிறது, என் கண்ணுக்குத் தெரிவதில்லை.

காய வைப்பதில் வேலூருக்கு யாரும் குறை சொல்ல முடியாது. பங்குனி, சித்திரையில் மொட்டை மாடியில் வேட்டி விரித்துப் பரப்பினால் சாயந்திரத்துக்குள் மொறுமொறுவென்று ஆகிவிடும். ஐப்பசி மழையில் கழுவவே கூடாது. உள்ஈரத்தோடு அரைத்தால் மாவு கட்டிப் பூசணம் பிடிக்கும். மாவு மிஷினுக்குக் கொண்டுபோகும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும், நமக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று. மிளகாய் அரைத்த கல்லில் நம் கேவுரு விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை மொத்த வீடும் தும்மும். கோதுமைக்குப் பின்னால் என்றால் பரவாயில்லை. இன்னொருவரின் கேவுருக்குப் பின்னால் என்றால் அதிர்ஷ்டம். பதம் கேட்டால், ரவையும் வேண்டாம், பவுடர் மாதிரியும் வேண்டாம், விரலில் தேய்த்தால் லேசாகச் சொரசொரக்கணும் என்று சொன்னால் போதும், மிஷின்காரருக்குப் புரிந்துவிடும். மாவு சூடாக வரும். அப்படியே டின்னில் போட்டு மூடினால் உள்ளே வியர்த்துக் கெட்டுப்போகும். வீட்டுக்கு வந்ததும் துணியில் பரப்பி ஆறவிட்டுத்தான் மூடுகிறேன். சலிப்பதில்லை.

அடுத்தது பாத்திரம். ஊரில் அம்மா களி கிளறுவது தரையில். ஒடுகத்தூர்ப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டில் மண் தரை, குண்டானை இறக்கி வைத்தால் அசையாது. இரண்டு காலையும் நீட்டி அதை அணைத்துக்கொண்டு, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து அழுத்துவார். இங்கே டைல்ஸ். குண்டானை வைத்துத் துடுப்பை ஒரு திருப்பு திருப்பினால் குண்டானும் சேர்ந்து சுற்றுகிறது. அடுப்பு மேலேயே வைத்துக் கிளறுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கொதிக்கிற பாத்திரத்தை மார்பு உயரத்தில் வைத்துக்கொண்டு முழு பலத்தோடு அழுத்துவது ஆபத்து. அடுப்பின் கம்பித்தாங்கியும் அதற்குச் செய்ததில்லை. ஈரச் சாக்கை நாலாக மடித்து அடியில் போட்டதில் வழுக்கல் நின்றது, சுற்றல் நிற்கவில்லை.

காட்பாடியில் மனைவியின் அண்ணன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். குண்டானையே தூக்கிக்கொண்டு போனேன். "இன்னா மச்சான், களி கிளறவா மிஷின் கேக்குற?" என்று சிரித்தார், ஆனால் அளவெடுத்ததும் அவரே ஆர்வமாகிவிட்டார். எட்டு எம்எம் கம்பியை வளைத்து ஒரு வளையம், குண்டானின் வயிறு அதில் முக்கால் பங்கு இறங்கி உட்காருகிற அளவு. அதற்கு மூன்று கால். நாலு கால் வைத்தால் தரை கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தாலும் ஒரு கால் தூக்கிக்கொள்ளும், மூன்று காலுக்கு அந்தத் தொல்லை இல்லை. வளையத்தின் இரண்டு பக்கமும் ஒரு அடி நீளத்துக்குக் கை நீட்டி, முனையில் பாதம் வைக்கத் தகடு பற்றவைத்தார். முக்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தகட்டில் அழுத்தினால் வளையம் நகராது. கை ஒரு அடி இருப்பதால் சூடு காலுக்கு வராது. வளையத்தைச் சுற்றித் தேங்காய் நார்க் கயிறு இறுக்கிச் சுற்றினேன். அலுமினியத்தில் வடு விழாது, குண்டானும் கயிற்றின் பிடிப்பில் சுற்றுவதில்லை.

துடுப்புக்குப் புளியமரக் கட்டை. கறிக்கடையில் வெட்டுக்கட்டையாகப் போடுகிற அதே மரம்தான். இறுக்கமானது, சிலும்பு எழாது. இரண்டரை அடி நீளம், பிடிக்கும் பக்கம் உருண்டை, கீழ்ப்பக்கம் நாலு விரல் அகலத்துக்குத் தட்டை, முனை மழுங்கலாக. ஆசாரி வார்னிஷ் அடிக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்று தடுத்தேன். கடலெண்ணெய் (கடலை எண்ணெய்) தடவி இரண்டு நாள் நிழலில் வைத்தால் போதும்.

இனிக் களி. ஆறு பேருக்கு 200 மில்லி டம்ளரில் மாவு 3, நொய் முக்கால், தண்ணீர் ஏழரை. நொய் என்றால் அரிசி மண்டியில் கிடைக்கிற குறுணை. இல்லாவிட்டால் புழுங்கலரிசியை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுக்கொள்ளலாம். கர்நாடகப் பக்கத்துக் களியான முத்தேக்கு அரிசி அவசியமில்லை, மாவும் தண்ணீருமே போதும். எங்கள் பக்கம் நொய் இல்லாத களியை யாரும் மதிப்பதில்லை. அக்கா வாக்கப்பட்டது சித்தூரில். 1911-ல் தனி மாவட்டமாகப் பிரிகிறவரை சித்தூரும் எங்கள் வேலூர் இருந்த வடார்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. அவர்கள் வீட்டுச் சங்கடியில் அரிசி இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், மற்றபடி நம் களிதான்.

நொய்யை அரை மணி நேரம் ஊறவைத்து, மொத்தத் தண்ணீரும் ஊற்றி உப்புப் போட்டு, குழைய வேகவிட வேண்டும். விரலால் நசுக்கினால் கூழாகணும். இந்த நேரத்தில் ஒன்றரை டம்ளர் கஞ்சியை எடுத்துத் தனியாக வைத்துவிடுகிறேன். களி செய்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான், ஆனால் ஏன் என்று சொல்வதில்லை. மாவு ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தண்ணீர் குடிக்காது. புது மாவு ஒரு மாதிரி, வெயிலில் நன்றாகக் காய்ந்தது வேறு மாதிரி. கெட்டியான களியைக் கஞ்சி விட்டுத் தளர்த்தலாம். தளர்ந்ததை இறுக்கப் பச்சை மாவு போட்டால் வேகாத வாடைதான் மிஞ்சும்.

கஞ்சி தளதளவென்று கொதிக்கையில் மாவை நடுவில் குவியலாகக் கொட்ட வேண்டும். இங்கேதான் கை பரபரக்கும். கிளறக்கூடாது. துடுப்பின் காம்பால் குவியலின் நடுவே அடிவரை ஒரு ஓட்டை, சுற்றி மூன்று நாலு ஓட்டை. கஞ்சி அந்த வழியாக மேலே பொங்கி வந்து மாவில் ஊறும். மூடி போட்டுத் தீயை ஆகக் குறைந்ததற்கு வைத்து, குண்டானுக்கு அடியில் பழைய இரும்பு தோசைக்கல்லைச் செருகிவிடுகிறேன். விறகடுப்பில் தணலை இழுத்துவிட்டால் கிடைக்கிற மந்தமான சூடு கேஸில் வராது. சின்ன பர்னர் என்றாலும் தீ ஒரே இடத்தில் குத்தும். தோசைக்கல் அதைப் பரத்திவிடுகிறது, அடிப்பிடிப்பது நன்றாகக் குறைந்தது. பத்துப் பன்னிரண்டு நிமிஷம் அப்படியே கிடக்கணும்.

இந்தக் காத்திருப்புக்குக் காரணம் உண்டு. கேவுரு மாவுச்சத்து எழுபது டிகிரி வாக்கிலேயே தண்ணீரைக் குடித்துப் பசையாகிவிடும். கொட்டிய உடனே கிளறினால் ஒவ்வொரு மாவு உருண்டையின் மேல்தோலும் கொதிகஞ்சி பட்டு இறுகி மூடிக்கொள்கிறது. உள்ளே இருக்கிற மாவுக்கு அப்புறம் தண்ணீர் போக வழியே இல்லை. அதுதான் கட்டி. பிளந்து பார்த்தால் நடுவில் வெள்ளையாகக் காய்ந்த மாவு இருக்கும், எவ்வளவு பலசாலி கிளறினாலும் கரையாது. மூடி போட்டு விட்டால் ஆவி மாவுக்குள் மெதுவாக நுழைந்து ஒரே சீராக நனைக்கிறது. அம்மாவிடம் இதை விளக்கினேன். "அதத்தான நானும் சொல்றேன், இப்ப இன்னாத்துக்குக் கெளர்ற, வுடு, அது வேவட்டும்னு" என்றார்.

ஆவி நன்றாக மேலே வந்ததும் அடுப்பை அணைத்து, குண்டானை வளையத்தில் இறக்கி, பிள்ளைகளை ஹாலுக்கு விரட்டிவிட்டு உட்கார வேண்டும். முதலில் சுற்றுவது கிடையாது. துடுப்பின் தட்டைப் பக்கத்தால் மாவைக் குண்டானின் ஓரத்தோடு அழுத்தி அழுத்தி நசுக்கணும், நொய்யும் மாவும் ஒன்றாகும்வரை. அதன் பிறகுதான் அடியிலிருந்து மேலே புரட்டுவது. வறண்டு தெரிந்தால் எடுத்து வைத்த கஞ்சி ஒரு கரண்டி, அதுவும் சூடாக இருக்கணும். ஐந்து நிமிஷத்தில் துடுப்பில் ஒட்டாமல் ஒரே திரளாகச் சுருண்டு வரும். மறுபடி அடுப்பில் வைத்து மூடி ஐந்து நிமிஷம். தண்ணீரில் விரலை நனைத்துத் தொட்டால் ஒட்டாமல் வழவழவென்று இருந்தால் வெந்தது, ஒட்டினால் இன்னும் நேரம் வேண்டும். நிறமும் சொல்லும்: சாம்பல் பூத்த மாதிரி இருந்த மாவு, வெந்ததும் கருத்துப் பளபளக்கும்.

உருட்டுவதற்குக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு கிண்ணத்தை நனைத்து, அதில் களியைப் போட்டு, கிண்ணத்தை வட்டமாகக் குலுக்கினால் தானே உருண்டையாகிவிடும். இதை எனக்குக் காட்டிக் கொடுத்தது மனைவி. அவர்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு உருட்டிய கை.

கடைசலைக் களி வேகும் நேரத்தில் ஒப்பேற்றிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. முன்னாலேயே முடித்து வைத்தால் அது இன்னும் நன்றாகச் சேரும். காய், எங்கள் பக்கத்து முள்ளுக் கத்திரிக்காய். அணைக்கட்டு வட்டாரத்தில் இலவம்பாடியும் சுற்றுப்பட்டு ஊர்களும் இதற்குப் பேர் போனவை, 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. இலை, தண்டு, காம்பு எல்லாம் முள். மார்க்கெட்டில் அள்ளும்போது குத்தினால் சந்தேகமில்லாமல் வாங்கலாம் என்பது அம்மா கணக்கு. காம்பைப் பிடிக்காமல் காயைப் பிடித்து, கத்தியை உள்பக்கமாக வைத்துக் காம்பைத் தள்ளி நறுக்கினால் விரல் தப்பிக்கும். நறுக்கியதை உப்புத் தண்ணீரில் போடாவிட்டால் கருத்துவிடும்.

அரை கிலோ காய்க்குப் பச்சை மிளகாய் 7, பெரிய வெங்காயம் 1, தக்காளி 2, பூண்டு ஒரு கைப்பிடி, மஞ்சள்தூள். தண்ணீர் காயின் பாதி உயரத்துக்கு மட்டும். புளியை இப்போது போடக்கூடாது. புளிப்பு ஏறிய தண்ணீரில் காய் சீக்கிரம் மசியாது, தோல் தனியாக நார் நாராக நிற்கும். காய் குழைந்த பிறகு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை வாடை போகக் கொதித்தால் சரி. பிறகு தண்ணீரைத் தனியாக வடித்துவிட்டு, உப்புப் போட்டு, கடைச்சட்டியில் மத்தால் கடைய வேண்டும். உள்ளே வரி போட்ட மண்சட்டி; அந்த வரியில்தான் காய் மசிகிறது. வடித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பதம் பார்த்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு மிக்ஸியில் ஒரு ஞாயிறு போட்டுப் பார்த்தேன். விதையெல்லாம் அரைபட்டு, லேசாகக் கசந்து, பசை மாதிரி வந்தது. களியும் பசபசப்பு, கடைசலும் பசபசப்பு என்றால் வாய்க்கு ஒரு பிடிமானம் வேண்டாமா? மத்தில் கடைந்தால் அங்கங்கே ஒரு துண்டு தட்டுப்படும், அதுதான் ருசி.

தாளிப்பு கடலெண்ணெயில், வெங்காய வடகம் போட்டு. வடகம் இல்லாமல் கடுகு, உளுந்து தாளித்தால் அது வேறு ஒரு பதார்த்தம், கெட்டதென்று சொல்லமாட்டேன். வடகம் சித்திரை, வைகாசி வெயிலில் போடுவது: சின்ன வெங்காயம், பூண்டு இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை கலந்து உருட்டி, தினமும் வெயிலில் காயவைத்து, சாயந்திரம் கலைத்துப் பிசைந்து மறுபடி உருட்டி, கடைசியாக விளக்கெண்ணெய் தடவி எடுத்து வைத்தால் வருஷத்துக்கும் நிற்கும். எண்ணெய் காய்ந்ததும் அதில் கொஞ்சம் உதிர்த்துப் போட்டால் தெருமுனை வரை தெரிந்துவிடும், இன்றைக்கு இந்த வீட்டில் என்ன என்று. தீயைக் குறைத்து வைக்கணும். வடகத்தில் உள்ள வெங்காயம் சட்டென்று கருகும்.

தொட்டுக்கொள்ள மல்லாட்டைத் (வேர்க்கடலை) துவையலும் அரைத்தேன். வறுத்த மல்லாட்டை, காய்ந்த மிளகாய், புளி, பூண்டு, உப்பு, அவ்வளவுதான். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

சாப்பிடுகிற விதத்தில்தான் பிள்ளைகளோடு மல்லுக்கட்டு. பெரியவள் களியை மென்று பார்த்துவிட்டு, "ஆயா, பல்லுல ஒட்டுது" என்று தள்ளி வைத்தாள். "மெல்லாத கண்ணு. கிள்ளி, கடைசல்ல பொரட்டி, முழுங்கு" என்று அம்மா தன் தட்டில் செய்துகாட்டினார். சின்னவனுக்கு அது சரிவராது; சின்னப் பிள்ளைகளுக்கு முழுங்கச் சொல்லிப் பழக்குவது எனக்குப் பயம். அவன் பங்கை மட்டும் எடுத்துவைத்த கஞ்சியிலேயே தளர்த்தி, நெய் விட்டு, கடைசலோடு பிசைந்து கொடுக்கிறேன். அப்படிக் கொடுத்தால் கேள்வி கேட்காமல் சாப்பிடுகிறான்.

நைனாவுக்குச் சுகர் உண்டு. களி என்றால் சுகர் ஏறாது, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று ஒரு பேச்சு எங்கும் இருக்கிறது. கேவுரு நல்ல தானியம்தான். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அரிசியில் அதில் சின்னப் பங்குகூட இல்லை. ஆனால் மாவுச்சத்து மாவுச்சத்துதான், நாம் நொய்யும் சேர்க்கிறோம், குழைய வேகவும் வைக்கிறோம். அவருக்கு ஒரு உருண்டை, அதுவும் சின்னக் கிண்ணத்தில் உருட்டியது. கடைசல் வேண்டிய மட்டும். இரண்டாவது உருண்டைக்கு அவர் அம்மாவைப் பார்ப்பார், அம்மா என்னைப் பார்ப்பார், நான் துவையலைத் தள்ளி வைப்பேன்.

மிஞ்சுகிற உருண்டைகளை ஃப்ரிட்ஜில் வைத்தால் கல்லாகிவிடும், சூடு பண்ணினாலும் பழைய பதம் வராது. மண்சட்டியில் முழுகத் தண்ணீர் ஊற்றி மேடையிலேயே வைத்துவிடுகிறேன். காலையில் அந்தத் தண்ணீரோடு கரைத்து, மோரும் உப்பும் சேர்த்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்தால் திங்கட்கிழமைக்கு இட்லி ஊற்ற வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் ராத்திரிக்குள்ளேயே நன்றாகப் புளித்துவிடும், அதனால் அந்த மாதங்களில் நடுராத்திரி வாக்கில் தண்ணீரை ஒருமுறை மாற்ற வேண்டும். அந்த வேலையை நைனாவே பார்த்துக்கொள்கிறார், எப்படியும் அந்த நேரத்துக்கு எழுந்திருப்பவர்.

குண்டானை உடனே தேய்க்கக் கூடாது. தண்ணீர் ஊற்றி வைத்தால் சாயந்திரத்துக்குள் அடியில் பிடித்தது ஊறி, ஏடாக உரிந்து வரும். இரும்பு நார் போட்டால் அலுமினியம் கீறி, அடுத்த தடவை அந்தக் கீறலிலேயே பிடிக்கும். துடுப்பைக் கழுவி நிமிர்த்தி நிழலில் வைத்தால் போதும். வளையத்தின் கயிறு கஞ்சி பட்டு நாற ஆரம்பித்ததால் அதை அவிழ்த்துப் புதுக் கயிறு சுற்றியிருக்கிறேன், இந்த முறை முடிச்சை வெளிப்பக்கம் போட்டு, கழற்றித் துவைக்கிற மாதிரி. கார்த்திகை, மார்கழியில் பச்சை மொச்சை வந்ததும் கருவாட்டோடு போட்டுக் குழம்பு வைக்கச் சொல்லி அம்மாவின் உத்தரவு இருக்கிறது. அதற்குக் களி இன்னும் ஒரு பிடி கெட்டியாக இருக்க வேண்டுமாம், தண்ணீரை ஏழு டம்ளராகக் குறைக்கப் போகிறேன்.